யாரைக் கேட்டு வரைந்தாய்? மாங்காத் துறையில் நுழையும் புதியவர்களும் அவர்களின் குறுக்கு வழிகளும்

ஜப்பானியப் படக்கதையான மாங்கா பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கைப்பேசி வழியாகத்தான் வந்தது. ஜப்பானிய அசைபடமான அனிமே முன்னால் வந்தது, மாங்கா அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. திருட்டுப் பதிவுகள், டெலிகிராம் குழுக்கள், யாரோ ஒரு ரசிகர் ராத்திரி கண்விழித்துப் போட்ட சப்டைட்டில் என்று சில ஆண்டுகள் ஓடின. 2022-ல் சோனி யே தொலைக்காட்சி 'நருடோ'வைத் தமிழில் பேச வைத்தது. அனிமே தளமான கிரஞ்சிரோல் தமிழ் டப்பிங் தரத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' திரையரங்குகளுக்குத் தமிழிலேயே வந்தது. இன்று பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் கல்லூரி வண்டிக்குக் காத்து நிற்கும் பையன்களின் டி-ஷர்ட்டில் 'ஒன் பீஸ்' நாயகன் லூஃபி சிரிக்கிறான். பைக் டேங்க்கில் 'நருடோ'வில் வரும் அகாட்சுகிக் கூட்டத்தின் சிவப்பு மேகம் ஒட்டியிருக்கிறது. அந்தச் சட்டையும் ஸ்டிக்கரும் பெரும்பாலும் ஜப்பானில் யாரையும் கேட்காமல் அச்சிட்டவை.

பார்க்கிறவர்களில் சிலர் வரையத் தொடங்குகிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து இன்ஸ்டாகிராம் பக்கம்வரை வந்துவிடுகிறார்கள். அவர்களில் ஓரிருவருக்கு இதையே தொழிலாகச் செய்தாக வேண்டும் என்ற வெறி பிடிக்கிறது. கையில் பணம் கிடையாது, சொல்லித்தர ஆள் கிடையாது, பதிப்பாளர் யாரையும் தெரியாது. இருக்கிற வழிகளில் சீக்கிரமானது எது என்று தேடும்போது கண்ணில் படுபவை இவை: பிறர் படத்தின் மேல் வைத்து வரைவது, உரிமை வாங்காமல் மொழிபெயர்த்துப் போடுவது, புகழ்பெற்ற பாத்திரத்தைப் பெயர் மாற்றி எடுத்துக்கொள்வது, இப்போது புதிதாக ஏஐ-யிடம் வரையச் சொல்வது.

எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் திருட்டு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் படித்தவர் அப்படிச் சொல்லத் தயங்குவார். பெரிய பெயர்களில் சிலரே இந்த வழிகளில்தான் உள்ளே வந்தார்கள். அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் முடியாது. என் அளவுகோல் இதுதான்: முதலில் வரைந்தவரின் பெயர் சொல்லப்பட்டதா, அவர் சம்மதம் கேட்கப்பட்டதா, அவருக்கு உரிய பணம் போனதா? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு, தெரிந்த நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

குறுக்கு வழியில் வரும் புதியவர் என்ற கவலை மாங்காவுக்குள்ளேயே கதையாகியிருக்கிறது. சுகுமி ஓபா எழுதி தாகேஷி ஒபாடா வரைந்த 'பாகுமான்' 2008 முதல் 2012 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்தது. மாங்கா வரைய ஆசைப்படும் இரண்டு பள்ளி மாணவர்களின் கதை. அதில் நனமினே டோரு என்றொரு புதியவன் வருகிறான். திறமைசாலி, பேராசைக்காரன். இணையத்தில் ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு, அவர்கள் தரும் யோசனைகளைக் கோத்து அத்தியாயம் எழுதுகிறான். பத்திரிகைக்கு இது தெரியாது. முதல் அத்தியாயம் பிய்த்துக்கொண்டு போகிறது. போகப் போகக் கூட்டத்தின் யோசனைகள் ஒன்றோடொன்று மோதி, வாசகர் வாக்கெடுப்பில் கதை சரிகிறது.

கோடம்பாக்கத்தைத் தெரிந்த நமக்கு நனமினேயின் முறை அப்படியொன்றும் புதிதில்லை. கதை விவாதம் என்ற பெயரில் ஓர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து காட்சிகளைக் கட்டுவதும், கடைசியில் திரையில் ஒருவர் பெயர் மட்டும் வருவதும் இங்கே வெகுகாலமாக நடப்பதுதான். பலரிடம் யோசனை கேட்பதில் குற்றமில்லை. யோசனை தந்தவர்களை மறைத்ததுதான் நனமினேயின் தவறு. மாங்காக்காரர்களின் உதவியாளர்கள் பின்னணி வரைகிறார்கள், கறுப்பு நிரப்புகிறார்கள், நிழலுக்கான புள்ளி டோன் ஒட்டுகிறார்கள். தொகுதியின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடும் ஆசிரியர்கள் உண்டு. ஒரே வேலை, ஒன்றில் பெயர் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

கதையை விட்டு நடந்ததற்கு வருவோம். மாங்காவின் கடவுள் என்று ஜப்பானியர் கொண்டாடும் ஒசாமு தெசுகா, போருக்குப் பிந்தைய ஒசாகாவில் 'அகாஹோன்' எனப்பட்ட மலிவுப் புத்தகங்கள் வழியாகத்தான் அறியப்பட்டார். மட்டமான தாள், கண்ணைப் பறிக்கும் சிவப்பு அட்டை, மிட்டாய்க் கடையிலும் பொம்மைக் கடையிலும் விற்பனை. டோக்கியோவின் மதிப்பான பதிப்பகங்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1947-ல் வெளிவந்த 'புதிய புதையல் தீவு' சுமார் 4 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். அப்போது தெசுகா மருத்துவ மாணவர், வயது 18. 1950களின் தொடக்கத்தில் டிஸ்னியின் 'பாம்பி', 'பின்னோக்கியோ' படங்களை அவர் டிஸ்னியிடம் அனுமதி பெறாமலே மாங்காவாக வரைந்தார். அரை நூற்றாண்டு கழித்து 2005-ல்தான் அவை முறையான அனுமதியோடு மறுபதிப்பாயின. இந்த உண்மையை மறைக்கவும் வேண்டாம், இதையே சாக்காகக் கொள்ளவும் வேண்டாம். தெசுகாவை நிலைநிறுத்தியது டிஸ்னியிடம் எடுத்துக்கொண்டது அல்ல. அவருக்கென்று 'ஆஸ்ட்ரோ பாய்' இருந்தது, 'பிளாக் ஜாக்' இருந்தது, பல்லாயிரம் பக்கங்கள் இருந்தன.

ஜப்பான் இந்தச் சிக்கலுக்கு ஒரு நடுவழியும் கண்டது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களோடு 'கோமிகெட்' என்ற ரசிகர் சந்தை தொடங்கியது. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை வரைந்து, சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு விற்றார்கள். சட்டப்படி பார்த்தால் பெரும்பாலானவை மீறல்தான். பதிப்பகங்கள் கண்டும் காணாமல் இருந்தன, ஏனென்றால் நாளைய ஓவியர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கிளாம்ப் என்ற புகழ்பெற்ற பெண் ஓவியர் குழு அப்படி வந்ததுதான். இந்தப் பொறுமைக்கும் எல்லை இருந்தது. 'டோரேமான்' தொடருக்கு ஒரு ரசிகர் 2005-ல் தானாகவே கடைசி அத்தியாயம் ஒன்றை வரைந்து வெளியிட்டார். மூலத்தின் சாயல் கொஞ்சமும் பிசகாத அழகான வேலை. 13,000 பிரதிகள் போயின. படித்த பலரும் அதுதான் உண்மையான முடிவு என்றே நம்பினார்கள். ஷோககுகான் பதிப்பகம் எச்சரித்தது. 2007-ல் அவர் மன்னிப்புக் கேட்டு, லாபத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார். நூறு பிரதி போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூல ஆசிரியரின் இடத்திலேயே போய் உட்கார்ந்ததுதான் பொறுக்க முடியாததாயிற்று.

அடுத்தது, படத்தின் மேல் வைத்து வரைவது. நம் பிள்ளைகள் அதிகம் செய்வது இதைத்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஐபிஸ் பெயின்ட் செயலியைத் திறந்து, ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அடி லேயரில் போட்டு, அதன் அடர்த்தியை முப்பது சதவீதத்துக்கு இறக்கி, மேலே இன்னொரு லேயர் வைத்துக் கோடு இழுத்தால் பத்து நிமிடத்தில் பாய்ந்து வரும் வீரன் தயார். முடியின் நிறத்தை மாற்றி, கையில் வேறு கத்தியைக் கொடுத்தால் புதுப் பாத்திரம். விரலால் இழுத்த கோடே தெளிவாக வந்துவிடுவதால், பார்க்கிறவர்கள் 'செமயா வரைஞ்சிருக்கடா' என்பார்கள். ஆனால் இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து வைத்தால் குட்டு உடைந்துவிடும். ஒரு படம் கீழிருந்து பார்த்தது, இன்னொன்று மேலிருந்து பார்த்தது. வீரனின் கால் தரையில் பதியாமல் மிதக்கும். கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் ஓடும், உடம்பின் கனம் எந்தக் காலில் விழுகிறது என்பது வரைந்தவருக்கே தெரிந்திருக்காது. வீட்டில் உட்கார்ந்து கை பழகுவதற்கு இது நல்ல பயிற்சி. பழைய சைன்போர்டு ஓவியர்களும் கட்டம் போட்டுப் பார்த்துப் படியெடுத்துத்தான் கை பழகினார்கள். தன் படைப்பு என்று சொல்லி விற்கும்போதுதான் அது ஏமாற்றாகிறது.

அந்த ஏமாற்றுக்குப் பெரிய விலை கொடுத்தவர் யுகி சுவேட்சுகு. 2005 அக்டோபரில், அவருடைய 'ஏதென் நோ ஹனா' உள்ளிட்ட மாங்காக்களில் தகேஹிகோ இனோவேயின் 'ஸ்லாம் டங்க்' கூடைப்பந்துக் காட்சிகளைப் படியெடுத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. கோடன்ஷா பதிப்பகம் ஓடிக்கொண்டிருந்த தொடரை நிறுத்தியது, அவருடைய நூல்கள் அத்தனையையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அவர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007 இறுதியில் 'சிஹாயாஃபுரு' தொடங்கினார். பழங்கவிதைச் சீட்டுகளை வைத்து விளையாடும் கருதா என்ற ஆட்டத்தைப் பற்றிய தொடர் அது. 2009-ல் மாங்கா தைஷோ விருதும் 2011-ல் கோடன்ஷா விருதும் பெற்று, 50 தொகுதிகள்வரை போனது. எனக்குத் தெரிந்த அளவில் இந்தத் துறையின் மிக நல்ல செய்தி இதுதான். தவறு வெளிப்பட்டது, தண்டனை முழுமையாக இருந்தது, திரும்பி வரக் கதவும் திறந்திருந்தது. நம் ஊரில் முதலாவதும் இரண்டாவதும் சரியாக நடப்பதில்லை.

இந்தியாவில் படக்கதைப் பாத்திரத்துக்காக நீதிமன்றம்வரை போன வழக்கு ஒன்று உண்டு. தில்லியின் ராஜா பாக்கெட் புக்ஸ் 1986-ல் 'நாகராஜ்' என்ற நாயகனை உருவாக்கியது. பச்சை உடம்பு, பாம்பின் செதில், உடலிலிருந்து பாம்புகளை ஏவும் ஆற்றல். அந்தப் பதிப்பகத்தின் ராஜ் காமிக்ஸ் வரிசையில் பெரும் விற்பனை அவனுக்குத்தான். ராதா பாக்கெட் புக்ஸ் என்ற இன்னொரு பதிப்பகம் 'நாகேஷ்' என்ற நாயகனோடு சந்தைக்குள் வந்தது. அவனும் பச்சை, அவனும் பாம்பு. 1997-ல் தில்லி உயர் நீதிமன்றம் இரண்டு பாத்திரங்களையும் ஒப்பிட்டு, பெயரிலும் தோற்றத்திலும் ஆற்றலிலும் இருந்த ஒற்றுமையைக் கண்டு 'நாகேஷ்'க்குத் தடை விதித்தது. பாம்பு மனிதன் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. நம் புராணத்தில் நாகர்களுக்குப் பஞ்சமா? 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. நாகேஷ் கருவோடு நிற்காமல் வெளிப்பாட்டையும் எடுத்துக்கொண்டான். நருடோவைப் போல வயிற்றில் ஒன்பது வால் நரியை அடைத்துக்கொண்டு திரியும் பொன்முடிப் பையனுக்கு 'நாகன்' என்றோ 'நரேன்' என்றோ பெயர் வைத்தால் போதும் என்று நினைக்கும் இளைஞர் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி தமிழ். இங்கே காமிக்ஸ் தொழிலில் புதியவர்களாக நுழைந்தவர்கள் பெரும்பாலும் உரிமை வாங்கி முறையாகவே நுழைந்தார்கள். சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார், முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அவர் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கும்போது வயது 17. முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. பள்ளி முடித்த பையன் ஒரு பத்திரிகை தொடங்கி, நாற்பது ஆண்டுகளாக நடத்தி, பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி என்று உரிமை வாங்கி வந்து தமிழில் போட்டுக்கொண்டிருப்பது இந்தத் துறையில் ஆசைப்படும் எவருக்கும் முதல் பாடம். அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் ஜேம்ஸ்பாண்ட் கதையோடு வந்தது. 2005 வரை வந்தது. தினத்தந்தி போகிற ஊருக்கெல்லாம் ராணி காமிக்ஸும் போனது. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தப் புத்தகங்களில்தான் இந்தப் பக்கத்தின் ஒரு தலைமுறை படக்கதை படிக்கக் கற்றது.

உரிமை வாங்கியதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்பதுதான் என்னை அதிகம் உறுத்தும் கேள்வி. அந்த நாளில் தமிழ் அளவுக்குப் பொருந்தக் கட்டங்களை வெட்டினார்கள், இடம் மாற்றினார்கள், அரைகுறை உடைகளின் மேல் மை பூசினார்கள். இரும்புக்கை மாயாவியை நேசிக்காத வாசகர் இல்லை. வரைந்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசுஸ் பிளாஸ்கோ. 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய கதை அது. தமிழ்ப் பதிப்பில் அவர் பெயர் விடுபட்டதற்குச் சிவகாசியை மட்டும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் மூல இதழிலேயே அவர் பெயர் இல்லை. பிரிட்டனின் பழைய வார இதழ்களில் ஓவியர் கையெழுத்துப் போடவே விடமாட்டார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. படமும் உரிமையும் நிறுவனத்துக்கு. தமிழிலும் பிற மொழிகளிலும் மறுபடி மறுபடி விற்ற கதைகளிலிருந்து வரைந்தவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. 2018-ல் அந்தப் பழைய களஞ்சியத்தை வாங்கிய ரிபெல்லியன் நிறுவனம் இப்போது தன் மறுபதிப்புகளில் படைத்தவர்களின் பெயரைப் போடுகிறது. காகிதத்தில் எல்லாம் முறையாக இருந்தும், என் மூன்று கேள்விகளில் பெயர், பணம் என்ற இரண்டில் பிளாஸ்கோவின் விஷயம் தோற்றுப்போகிறது. கள்ளப் பதிப்புக்காரரை ஏசும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நியாயம்.

கள்ளப் பதிப்பு என்றதும் 'மாங்காமுரா'வைச் சொல்லாமல் முடியாது. ஜப்பானில் 2016-ல் ஓர் இளைஞர் தொடங்கிய இணையதளம்; பத்தாயிரக்கணக்கான தொகுதிகளை இலவசமாகக் காட்டி, விளம்பரத்தில் காசு பார்த்தது. நமக்குத் தமிழ் ராக்கர்ஸ் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. உச்சத்தில் மாதத்துக்கு 10 கோடிப் பார்வைகள். 2018 ஏப்ரலில் மூடப்பட்டது. நடத்தியவர் மணிலாவில் பிடிபட்டார். 2021 ஜூனில் ஃபுகுவோகா நீதிமன்றம் மூன்று ஆண்டுச் சிறையும் 1 கோடி யென் அபராதமும் விதித்தது. 2024-ல் டோக்கியோ நீதிமன்றம் மூன்று பெரிய பதிப்பகங்களுக்கு 170 கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது.

இதற்கு நேரெதிரான முடிவு கிரஞ்சிரோலுக்கு வாய்த்தது. 2006-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தொடங்கிய தளம். தொடக்கத்தில் யார் வேண்டுமானாலும் அனிமேயை ஏற்றலாம், ரசிகர்கள் போட்ட சப்டைட்டிலோடு பார்க்கலாம். அனுமதி எதுவும் கிடையாது. முதலீடு வந்தது. 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு, திருட்டுப் பதிவுகளை நீக்கிவிட்டு, சந்தா நிறுவனமாக மாறியது. 2021 ஆகஸ்டில் சோனி அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று நம் பிள்ளைகளுக்குத் தமிழில் அனிமே தருவது அதே நிறுவனம்தான். முதலில் எடுத்துக்கொள், பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற புத்திக்கு இதைவிடக் கவர்ச்சியான சாட்சி கிடையாது. ஆனால் இதில் ஒரு கூட்டம் கணக்கிலேயே வரவில்லை. ஜப்பானிய மொழி கற்று, தூக்கம் கெட்டு, ஒரு பைசா வாங்காமல் சப்டைட்டில் போட்ட ரசிகர்கள்தான் அந்தத் தளத்துக்கு முதல் பார்வையாளர்களைக் கொண்டுவந்தார்கள். கோடிகள் கைமாறியபோது அவர்களுக்கு எதுவும் போகவில்லை. மாங்காவைத் தமிழில் மொழிபெயர்த்துப் போடும் தம்பி தங்கைகள் யோசிக்க வேண்டியது இதைத்தான். நாளைக்கு உரிமை வாங்கி வரும் நிறுவனம் அவர்களுடைய உழைப்பால் உண்டான வாசகர்களை எடுத்துக்கொள்ளும், அவர்களை எடுத்துக்கொள்ளாது. 2025 மே மாதம், ரசிகர்களின் மொழிபெயர்ப்புகளை வெளியிடும் மாங்காடெக்ஸ் தளத்திலிருந்து பதிப்பகங்களின் புகாரால் 700-க்கும் மேற்பட்ட தொடர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கான மொழிபெயர்ப்பு ஒரு நாளில் காணாமல் போயிற்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அசல் மாங்கா தொகுதி ஒன்று இந்தியாவில் ஏறத்தாழ 400 முதல் 600 ரூபாய். அதில் பாதிக்கும் குறைவான விலையில் கள்ளப் பிரதி இணையத்திலும் நடைபாதையிலும் கிடைக்கிறது. கையில் எடுத்தால் தெரிந்துவிடும். நடு மடிப்புக்குள் வசனம் போய் மறைந்திருக்கும், கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக வெளுத்திருக்கும். மாங்காவில் நிழலுக்குப் பயன்படும் புள்ளி டோன்களை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும்போது, புள்ளியோடு புள்ளி மோதிப் பட்டுச் சேலையின் அலைபோல் ஒரு கோலம் முகத்தின் மேல் படிந்துவிடும். வரைந்தவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டிய நிழல் அது. அதைக் கெடுத்து நம்மிடம் விற்கிறார்கள். 500 ரூபாய் கொடுக்க முடியாத மாணவர் ஷுவேஷா பதிப்பகத்தின் மாங்கா பிளஸ் செயலியில் முதல் மூன்று அத்தியாயங்களையும் அண்மை அத்தியாயங்களையும் இலவசமாக, சட்டப்படியே படிக்கலாம். 2019 ஜனவரி முதல் அது நடக்கிறது. ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். தமிழில் அவர்கள் தரவில்லை. அந்த வெற்றிடம்தான் கள்ள மொழிபெயர்ப்பை வளர்க்கிறது. பதிப்பகங்கள் தமிழை ஒரு சந்தையாகப் பார்க்கும்வரை இது ஓயாது.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் ஷின்ச்சோஷா பதிப்பகம் 'சைபர்பங்க் பீச் ஜான்' என்ற வண்ண மாங்காவை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல். வரையத் தெரியாத ரூட்போர்ட் என்ற எழுத்தாளர் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியைக் கொண்டு ஆறு வாரத்தில் செய்தது. ஏஐ வரைந்தது என்பதை விளம்பரத்திலேயே சொன்னார்கள். மறைக்காததால் ஒரு கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. ஆனால் அந்தக் கருவி யாருடைய படங்களைத் தின்று வளர்ந்தது, அவர்களைக் கேட்டார்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2025 மார்ச்சில் நம்மூர்க் கல்யாண ஆல்பங்கள்கூட ஏஐ-யால் ஜிப்லி பாணியில் மாறியபோது, ஹயாவோ மியசாகியின் அந்த ஜிப்லி ஸ்டுடியோவில் யாரையும் யாரும் கேட்கவில்லை. பாணிக்குப் பதிப்புரிமை இல்லை என்பது சட்டம். ஒரு பாணியை உருவாக்க ஒரு மனிதருக்கு ஆயுள் முழுவதும் ஆனது என்பதும் உண்மை. வரைய ஆசைப்படும் பிள்ளைக்கு ஏஐயால் வரும் கேடு வேறு இடத்தில் இருக்கிறது. மாங்காவில் கஷ்டமான வேலை ஒற்றைப் படம் வரைவதில் இல்லை. எந்தக் கட்டம் பெரிதாக வேண்டும், எங்கே வசனம் இல்லாமல் விட வேண்டும், பக்கம் திருப்பும்போது கண் எங்கே விழ வேண்டும் என்று பென்சிலில் கிறுக்கிக் கிறுக்கி அழிப்பதில் இருக்கிறது. அந்தக் கிறுக்கலைச் செய்யாமல் தாண்டிப் போனவருக்குக் கதை சொல்லும் கை வரவே வராது.

நம் சட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு எதிரி இல்லை, காவல்தான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் சொல்கிறது. இது பயமுறுத்தும் பிரிவு. தாங்கிப் பிடிக்கும் பிரிவுகளும் உண்டு. 57-ஆம் பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்டாலும் தன் படைப்பில் தன் பெயரைக் கோரும் உரிமை ஓவியருக்கு உண்டு; படைப்பைச் சிதைத்தால் தடுக்கலாம். 19-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். படத்தைப் பதிவுசெய்ய ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு இல்லாவிட்டாலும் உரிமை உண்டு, ஆனால் வழக்கென்று வந்தால் பதிவு கைகொடுக்கும். 'எக்ஸ்போஷர் கிடைக்கும் தம்பி' என்று சொல்லி இலவசமாக லோகோவும் போஸ்டரும் வாங்கிப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களிடம் முதலில் ஒரு தாளை நீட்டி எழுதி வாங்க வேண்டும்.

நேர்வழிகளும் இல்லாமல் இல்லை. ஜப்பான் வெளியுறவுத் துறை 2007 முதல் நடத்தும் சர்வதேச மாங்கா விருதுக்கு வெளிநாட்டவர் எவரும் அனுப்பலாம். கோஆமிக்ஸ் என்ற ஜப்பானியப் பதிப்பகம் நடத்தும் சைலன்ட் மாங்கா ஆடிஷன் போட்டியில் வசனமே கூடாது. படத்தால் மட்டும் கதை சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராது என்று தயங்கும் வேப்பந்தட்டைப் பிள்ளைக்கும் செந்துறைப் பிள்ளைக்கும் இதைவிட நல்ல வாசல் தெரியவில்லை. 2025 மே மாதம் மும்பையில் நடந்த வேவ்ஸ் மாநாட்டையொட்டி மத்திய அரசே அனிமே, மாங்கா போட்டி வைத்தது. 2024 முதல் சென்னையில் காமிக் கான் நடக்கிறது. முறையாக ஓவியம் கற்க அருகில் கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்.

கதைக்கும் பஞ்சம் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் பார்க்கப் போகிறவர்கள், பக்கத்தில் சிறுசிறு சிற்பங்களாகச் சண்டேசர் கதை அடுத்தடுத்துச் செதுக்கப்பட்டிருப்பதை நின்று பார்க்க வேண்டும். மாடு மேய்க்கும் பையன், பாலைக் கறந்து லிங்கத்துக்கு ஊற்றுவது, கோபத்தோடு வரும் அப்பா, வெட்டுப்பட்ட கால். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானித்த ஒரு கை அங்கே வேலை செய்திருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. காரையின் செம்மண் ஓடைகளில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் காலில் தட்டுப்படுகின்றன. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்துத்தான் 'புருகத்காயோசாரஸ்' என்ற ராட்சத டைனோசருக்குப் பெயரிட்டார்கள். அதே மண்ணைச் சிமென்ட் ஆலைகள் ராப்பகலாகத் தோண்டி லாரியில் ஏற்றுகின்றன. ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. சின்ன வெங்காயம் விலை சரிந்த வருஷம் செட்டிகுளத்து விவசாயி வீட்டில் என்ன நடந்தது என்பது இருக்கிறது. இவற்றை யாரிடமும் கேட்காமல் வரையலாம். நருடோவின் கோனோஹா கிராமத்தை நன்றாக வரைய ஜப்பானில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காரையை வரைய ஆளில்லை.

பெரம்பலூரில் 2012-ல் தொடங்கிய புத்தகத் திருவிழாவும் அரியலூர்ப் புத்தகத் திருவிழாவும் இந்த மாவட்டங்களின் வாசிப்பை மாற்றியவை. அவற்றை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஓர் அரங்கை உள்ளூர்ப் படக்கதைக்காரர்களுக்கு வாடகையில்லாமல் ஒதுக்குங்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் பதினாறு பக்கத்தில் ஜெராக்ஸ் போட்டுத் தைத்த புத்தகமானாலும் வைக்கட்டும், இருபது ரூபாய்க்கு விற்கட்டும். நிபந்தனை ஒன்று போதும்: கதை தன்னுடையதாக இருக்க வேண்டும், எழுதியவர், வரைந்தவர், டோன் போட்டவர் என்று உழைத்த எல்லார் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும்.